ஒத்திகையில் கற்றது

புயல் கரையை உரசிய மத்தியானம், அலைவாய் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவு மட்டும் இருண்டு கிடந்தது. கதகதப்புப் பெட்டிகளில் ஐந்து குறைமாதப் பிள்ளைகள். எதிரே கேண்டீனில் காப்பி இயந்திரம் ஜம்மென்று கொதித்துக்கொண்டிருந்தது. தலைமைச் செவிலி ரெஜினா ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுப் பார்த்தாள்.

முன்பெல்லாம் மின்தடை வந்தால் மருத்துவமனையின் மின்கலங்கள் ஆளில்லாத அறைக்கும் மின்சாரத்தை வாரி இறைக்கும். அந்த வீணை ஒழிக்கத்தான் சிக்கனமூளை என்ற தானியங்கிக் கணினி வந்தது. மாதாமாதம் மின்தடை ஒத்திகை நடக்கும். எந்த அறை எவ்வளவு இழுக்கிறது என்று அது பார்த்துக்கொள்ளும். நிஜமாகவே மின்சாரம் போனால் அந்த அளவுதான் கொடுக்கும். ஒரு பொழுதுக்கே திணறிய மின்கலங்கள் இரண்டு நாள் தாங்கின. ஊரே மெச்சியது.

ரெஜினா பொறியாளர் இளம்பரிதிக்குப் போன் போட்டாள். ஒத்திகையில் உங்கள் பிரிவுக்கு ஒருநாளும் மின்சாரம் தேவைப்பட்டதில்லையே, மூளை அப்படித்தான் கற்றிருக்கிறது, மாற்றிச் சொல்லிக்கொடுக்கச் சாயங்காலம் ஆகும் என்றார் அவர். கையால் திருப்பும் விசையை வீண் என்று போன வருஷமே கழற்றியிருந்தார்கள்.

ரெஜினாவுக்குப் பகீரென்றது. ஒத்திகையில் பிள்ளைகளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு முறையும் பெட்டிகளை, மூளையின் கணக்கில் வராத, தெருவிலிருந்து வரும் சாதா இணைப்பில் யாருக்கும் சொல்லாமல் செருகி வைத்தது அவள்தான். பாவம், பாசத்தில் செய்த காரியம். இன்றோ தெருவிலேயே மின்சாரம் இல்லை.

கேண்டீனிலிருந்து ஒயர் இழுத்துப் பார்த்தாள். கற்ற அளவைத் தாண்டியதும் மூளை அதையும் அணைத்தது. அதற்குள் பிள்ளைகளின் பாதங்கள் சில்லிட ஆரம்பித்திருந்தன. தாய்மார்களை ஓடிப்போய் அழைத்துவந்தாள்.

"நெஞ்சோட சேத்து அணைச்சுக்கோங்கம்மா. உங்க உடம்புச் சூட்ட விட்டா இப்ப வேற கதியில்ல."

தாய்மார்களில் சகாயராணிக்கு மட்டும் அறுவை மயக்கம் இன்னும் தெளியவில்லை. அவள் பிள்ளைதான் இருந்ததிலேயே சின்னது. அதை ரெஜினா தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். ஐந்தும் பிழைத்துக்கொண்டன.

தெருவுக்கு மின்சாரம் திரும்பிய பிறகு இளம்பரிதி மேலே வந்தார். அவர் முகம் செத்திருந்தது.

"சிஸ்டர், நான் சொல்லிக்கொடுத்தத மூளை ஏத்துக்க மாட்டேங்குது. நெஜமாவே கரண்ட் போயும் இங்க ஒரு உயிரும் போகல, அதனால இந்த வார்டுக்குக் கரண்டே வேணாம்னு முடிவு பண்ணிடுச்சு."

"நம்ம ஆஸ்பத்திரி மூளை மட்டும்தான சார் இப்படி?"

"இல்ல சிஸ்டர். ஒரு மூளை கத்துக்கிட்டா மத்த எல்லா மூளைக்கும் அனுப்பிடும். கடலோரத்து ஆஸ்பத்திரி அத்தனைக்கும் போயிடுச்சு."

ரெஜினா பிள்ளையை இறக்காமலே, வடக்கே உள்ள ஆஸ்பத்திரியை எச்சரிக்கப் போனை எடுத்தாள். புயல் கரையை ஒட்டி, வடக்கே அடுத்த ஊரை நெருங்கிக்கொண்டிருந்தது.