மாடி அறைக்குத் திறக்காத கண்ணாடி

வீட்டை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஜன்னல் ஃபிட்டர் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தபோது, வீட்டுக்காரியும் போனில் அவள் கணவனும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள்.

போனை வைத்தவள் பொரிந்தாள். “மாடி ரூமுக்குத் திறக்காத கண்ணாடி போதுமாம். ஏசி போடப் போறாராம். நான் என்ன மீனாண்ணே, தொட்டிக்குள்ள கெடக்க?”

“கதவு மாதிரி வெளிய திறக்கிறது போட்டுடலாம்மா. காத்து முழுசா வரும்.”

“அதையே எழுதுங்க. அவரு கெடக்கிறாரு.”

ஃபிட்டர் தனியாக மாடி ஏறினார். பழைய ஜன்னலை ஏற்கெனவே பெயர்த்திருந்தார்கள். சுவரில் வெறும் சதுர ஓட்டை. அது திறந்து கிடந்தும் அறைக்குள் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. வழக்கம்போல் அகலத்தை மூன்று இடத்தில் அளந்தார். மேலே நாற்பத்தெட்டு அங்குலம். நடுவில் நாற்பத்தெட்டு. கீழே நாற்பத்தெட்டு.

பழைய சுவரில் மூன்றும் ஒன்றாக வராது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

மறுபடி அளந்தார்.

நாற்பது. நாற்பது. நாற்பது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இழுத்தார். அசையவில்லை. ஓட்டைக்குள் தலையை விட்டுக் கத்தினார். கீழே தெருவில் சைக்கிளில் போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை அறைக்குள் இழுத்தபோது இரண்டு காதும் சுவரில் உரசின.

இனி டேப் தேவையில்லை.

பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

“திறக்காதது எழுது.”

ஃபிட்டர் வீரம் காட்டவில்லை. உயிர் இருந்தால்தான் தொழில். ‘மாடி அறை: திறக்காத கண்ணாடி’ என்று நோட்டில் கிறுக்கினார்.

கதவு திறந்தது.

கீழே வீட்டுக்காரி சிரித்தாள். “என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?”

“வெயிலும்மா.”

“திறக்கிறதுதானே எழுதுனீங்க? நானும் கைக்குழந்தையும் அங்கதான் படுக்கணும்.”

“ஆமாம்மா.”

வேனில் ஏறி உட்கார்ந்தார். கைக்குழந்தையும் அங்கேதான் படுக்கும். சாவியைப் போடவில்லை. நோட்டைப் பிரித்து அந்த வரியை அழுத்தி அடித்தார்.

வேன் கதவுகள் எல்லாம் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

ஈரத்துணி வாடை.

ஸ்டீயரிங் நெஞ்சை இடித்தது. அவர் சீட்டை நகர்த்தவில்லை.

விலா நொறுங்கும்போல் இருந்தது. ஹாரனை அழுத்தினார். விடாமல் அழுத்தினார்.

வாசலில் நின்ற வீட்டுக்காரி, ஹாரன் காதில் விழாதவளாக, சிரித்தபடி கையசைத்தாள்.