உர்சுலா நிரப்பாத கட்டம்

காப்பி கலக்கப் போய்த் திரும்பிய உர்சுலா, சுடோக்குப் புத்தகத்தில் தான் காலியாக விட்டுப் போன கட்டத்தில் ஆறு என்ற எண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள்; இந்த ஆறு மெலிந்து சாய்ந்து கிடந்தது. சிங்கப்பூர் கிளமெண்டியில் மழைக்கு முந்திய பிற்பகல், பத்தாவது மாடி வரை ஏறிவந்த ஈரச் சிமெண்ட் வாசனை, மேல்வீட்டில் நாற்காலி இழுபடும் ஓசை. இந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

சுடோக்கு அவளுக்குப் புதிது. ஒன்று முதல் ஒன்பது வரை. குறுக்கிலும் நெடுக்கிலும் சிறு சதுரத்திலும் ஓர் எண் ஒரே ஒருமுறைதான். கேட்க லேசு, போட்டால் தலை சுற்றியது. ஞாபக மறதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மகன் ரோனி முதியோர் இல்லத்துப் படிவத்தோடு அலைந்தான். இந்தப் புத்தகமும் அவன் வாங்கித் தந்ததுதான்.

"இந்த புக்க முடிச்சுக் காட்டுங்கம்மா, அப்புறம் பாப்போம் லா."

பெற்றவளுக்கே பரீட்சை வைக்கிற பிள்ளை.

ஆறு சரியான விடைதான். அவள் அழிக்கவில்லை. மறுநாளிலிருந்து புத்தகத்தைத் திறந்துவைத்துவிட்டு வேண்டுமென்றே அடுப்படிக்குப் போனாள். திரும்பினால் மூன்று கட்டம், ஐந்து கட்டம். ஒவ்வொன்றின் மேலும் தன் எழுத்தாகத் தெரியும்படி பென்சிலை அழுத்தி ஓட்டினாள். பயமாகத்தான் இருந்தது. முதியோர் இல்லத்தை நினைத்தால் வந்த பயம் அதைவிடப் பெரிது.

ஞாயிறு பூசை முடிந்து வந்த ரோனி பக்கங்களைப் புரட்டினான். படிவத்தைக் கிழித்தான்.

"பரவால்லயே. தனியாவே இருக்கலாம் நீங்க. நானும் வாராவாரம் வரணும்னு இல்ல."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவன் போனதும், ஒரு கட்டத்தையாவது தானே போட்டுவிட வேண்டும் என்று ரோஷத்தோடு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. ஒரு காலிக் கட்டத்தில் நான்கைத் தவிர எந்த எண்ணுக்கும் இடமில்லை என்று முதன்முதலாகப் புரிந்தது. எழுதினாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு மங்கியது. அழிந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அழிந்தது.

வலது கையால் ஃபோனை எடுத்து ரோனியை அழைத்தாள். "நான் எதுவும் போடலப்பா. எனக்கு ஒன்னும் தெரியாது. என்னை ஹோம்லயே சேத்துரு."

"சும்மா நடிக்காதீங்கம்மா. வேல இருக்கு." வைத்துவிட்டான்.

எழப் பார்த்தாள். தாளை அழுத்திப் பிடித்திருந்த இடது கை வரவில்லை. ரப்பரால் அழிப்பது போன்ற மெல்லிய உராய்வுச் சத்தம். முன்னும் பின்னும். முன்னும் பின்னும். வலியே இல்லை.

பக்கமெங்கும் துகள்கள். மாநிறத் துகள்கள்.

சுண்டுவிரல் இருந்த இடத்தில் வெறும் தாள் தெரிந்தது. சத்தம் அடுத்த விரலுக்கு நகர்ந்தது. அவளுடைய கல்யாண மோதிரம், பிடித்துக்கொள்ள விரல் இல்லாமல், தாளின் மேல் உருண்டது.