பதினான்கு வயது ஆச்சி

விசாலிக்கு ஒன்பது வயது. அவளுடைய ஆச்சிக்குப் பதினான்கு வயது.

"ஆச்சி என்றால் பாட்டியாயிற்றே, பாட்டிக்குப் பதினான்கா? கணக்கு உதைக்கிறதே!" என்கிறீர்களா? பொறுங்கள். காரைக்குடியில் விசாலி வீட்டு வழக்கப்படி, கூடப் பிறந்த அக்காதான் ஆச்சி. அப்பா என்றால் அப்பச்சி, அம்மா என்றால் ஆத்தா, அம்மாவின் தம்பி அம்மான். இது தெரியாமல் மதுரையில் ஒரு மனிதர் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

காலாண்டு விடுமுறை. இரண்டு கார்களில் கிளம்பினார்கள். முன்னால் முத்து அம்மான் குடும்பத்தின் வெள்ளைக் கார். பின்னால் விசாலியின் அப்பச்சி ஓட்டிய நீலக் கார். காலையில் மதுரையில் ஓவியக் கண்காட்சி. அது ஆச்சி கண்ணம்மையின் ஆசை. பிற்பகலில் சிறுமலை. அது விசாலியின் ஆசை. மலைக்கு ஏறப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள்! ஒன்று விடாமல் எண்ண வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு தகராறு. பின் சீட்டில் ஒரு ஜன்னலை ஆத்தாவின் சாப்பாட்டுக் கூடை பிடித்துக்கொண்டது. மிச்சம் ஒரே ஜன்னல். அதில் ஆச்சி உட்கார்ந்துவிட்டாள்.

"மலையில எனக்குத்தான் ஜன்னல்!" என்றாள் விசாலி.

"போடி, நான்தான் முதல்ல ஏறினேன். மலைக்கும் நான்தான்."

மதுரை வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

கண்காட்சி ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுவரெல்லாம் படங்கள். மீன் சந்தை, பூக்காரம்மா, மழையில் நனைந்த ஆட்டோ. ஒரு தட்டிக்குப் பின்னால், மலைமேல் கோயிலோடு ஓர் ஓவியம்.

"அட, நம்ம குன்றக்குடி! இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று கேட்டாள் விசாலி.

ஆச்சி தரையில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அந்தப் படத்தைப் பார்த்து வரையத் தொடங்கியிருந்தாள். பென்சிலை எடுத்துவிட்டால் ஆச்சிக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது.

கிளம்பும் நேரம். விசாலி முதல் ஆளாக ஓடி வந்து காரில் ஏறினாள். ஜன்னல் காலியாக இருந்தது. டக்கென்று உட்கார்ந்துகொண்டாள்.

"கண்ணம்மை எங்க?" என்றார் அப்பச்சி.

"அம்மான் வண்டில ஏறிருக்கும்," என்றாள் விசாலி.

அவள் பார்க்கவே இல்லை. சும்மா சொல்லிவிட்டாள். அப்பச்சியும் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

வழியில் நத்தத்தில் டீக்கடை ஓரம் இரண்டு கார்களும் நின்றன. வெள்ளைக் காரிலிருந்து அம்மான் இறங்கினார், அவர் மனைவி அயித்தை இறங்கினார், அவர்களுடைய பையன் இறங்கினான். பிறகு யாரும் இறங்கவில்லை.

"ஆச்சி எங்க அம்மான்?" என்று கேட்டாள் விசாலி.

"ஒங்க வண்டிலதான இருக்கு?" என்றார் அம்மான்.

ஆத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆச்சியிடம் போனும் கிடையாது. அப்பச்சி டீயை அப்படியே வைத்துவிட்டுக் காரை மதுரைக்குத் திருப்பினார். அம்மானை அங்கேயே காத்திருக்கச் சொன்னார்கள்.

'என்னாலதான், என்னாலதான்' என்று விசாலியின் மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் கையில் கசங்கியிருந்த நுழைவுச் சீட்டைப் பார்த்தாள். அதில் ஒரு போன் எண் இருந்தது!

ஆத்தாவின் போனை வாங்கி அவளே அழுத்தினாள்.

"வணக்கம், மண்டபத்துலருந்து காளிராஜ் பேசுறேன்."

"அண்ணே, எங்க ஆச்சிய அங்கயே விட்டுட்டு வந்துட்டோம்ணே!"

"அடப் பாவமே! பேரென்ன தாயி?"

"கண்ணம்மை. கண்ணாடி போட்டிருக்கும். கூப்பிட்டாலும் காதுல விழாதுண்ணே."

"மறதி உண்டுமா?"

"நெறய! குடைய எங்க வச்சோம்னே தெரியாது."

"புரிஞ்சுபோச்சு. நீ அழாத. நான் கண்டுபிடிச்சுப் பத்திரமா உக்கார வைக்கிறேன்."

கால் மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். விசாலி எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தாயி, ஒங்க ஆச்சி கெடைச்சிட்டாக!"

"அப்பாடா!" என்றார் ஆத்தா.

"நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கேன். நிம்மதியா வெத்தலை போட்டுக்கிட்டு இருக்காக."

விசாலி ஆத்தாவைப் பார்த்தாள். "ஆச்சி வெத்தலை போடுதா?"

"பேரு கண்ணம்மை இல்லைன்னு ஒரே அடம்," என்றார் காளிராஜ். "மறதின்னு நீதான் சொன்னியே, அதான் நான் விடலை."

போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கணீர்க் குரல் கேட்டது. "எலேய், நான் மேலூர்க்காரிடா! எம்மகன் வாசல்ல நிக்கிறான். என்னைய விடப் போறியா இல்லையா?"

விசாலிக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது.

"அண்ணே! அவுகள விட்டுருங்க! எங்க பக்கம் அக்காவத்தான் ஆச்சிம்போம். எங்க ஆச்சி ஒம்பதாங்கிளாஸ் படிக்குது!"

காளிராஜ் அழாத குறையாகச் சொன்னார். "கண்ணம்மைப் பாட்டி, கண்ணம்மைப் பாட்டின்னு மைக்ல தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேனே தாயி!"

"இப்பத் திருத்திச் சொல்லும்மா, அவரு மறுபடி கூப்பிடட்டும்," என்றார் அப்பச்சி.

விசாலி ஒரு நொடி யோசித்தாள். "வேணாம் அப்பச்சி. படம் வரையும்போது வேற யாரு கூப்பிட்டாலும் அதுக்குக் கேக்காது. நான் கூப்பிட்டாத்தான் எரிச்சல்ல திரும்பும். அண்ணே, ஒங்க போனை மைக்கிட்ட வைங்க!"

'கர்ர்' என்று ஒரு சத்தம்.

"ஆச்சீ... ஏ ஆச்சீ! நான் விசாலி!"

மண்டபம் முழுக்க அவள் குரல் முழங்குவது போனிலேயே திரும்பக் கேட்டது. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"நீ அம்மான் வண்டில இருக்கேன்னு நான்தான் சொன்னேன், ஆச்சி. பாக்காமலே சொன்னேன். ஜன்னல் வேணும்னு சொன்னேன். எனக்கு ஜன்னலே வேணாம். நீ மைக்கிட்ட வந்துரு, ஆச்சி!"

அப்பச்சி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். விசாலி தலையைக் குனிந்துகொண்டாள்.

படபடவென்று ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்டது.

"ஏண்டி! இங்க அத்தனை பேரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாக! மானத்த வாங்கிட்டியே!"

அந்தத் திட்டைக் கேட்டு விசாலிக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! அழுதுகொண்டே சிரித்தாள்.

மண்டபத்து வாசலில் ஆச்சியும், அவளைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் துணைக்கு இருந்துவிட்ட மேலூர்ப் பாட்டியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். விசாலி ஓடிப்போய் ஆச்சியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தனியா ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டார் ஆத்தா.

"தனியாவா?" ஆச்சி விழித்தாள். "நீங்க கெளம்பிப் போனதே எனக்குத் தெரியாது ஆத்தா. விசாலி கத்தினப்பத்தான் தெரியும்."

பாட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். விசாலி அவரிடம் போய், "மன்னிச்சுக்கிடுங்க பாட்டி, என்னாலதான் ஒங்களப் பிடிச்சு வச்சுட்டாக," என்றாள்.

"போடி கழுதை. நாற்காலி, தண்ணி, காத்தாடின்னு ராணி மாதிரி உக்காந்திருந்தேன்," என்றார் பாட்டி.

அப்பச்சி விசாலியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். "நானும் திரும்பிப் பாத்திருக்கணும்," என்று தன் தலையிலும் ஒன்று வைத்துக்கொண்டார். ஆத்தா சாப்பாட்டுக் கூடையைத் தூக்கி டிக்கியில் வைத்தார். இப்போது இரண்டு ஜன்னல்!

நத்தத்தில் அம்மானையும் கூட்டிக்கொண்டு அவர்கள் மலையடிவாரத்தை எட்டியபோது மணி மூன்றரை. முதல் வளைவிலேயே காற்று குளிர்ந்துவிட்டது. ஐந்தாம் வளைவில் ஒரு குட்டிக் குரங்கு மதில்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. பத்தாம் வளைவில் கீழே வயல்களும் வீடுகளும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. பதினான்காம் வளைவில் மேகம் சாலைக்கே இறங்கி வந்து, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, ஆத்தாவைத் தும்ம வைத்தது. எல்லாரும் ஓவென்று கத்தினார்கள்.

விசாலி மட்டும் நடு சீட்டிலேயே ஆச்சியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அங்குட்டு ஜன்னல் காலியாத்தான கெடக்கு? போய் உக்காரேன்," என்றாள் ஆச்சி.

"மாட்டேன்."

"கையையாவது விடுடி. மரத்துப்போச்சு."

விசாலி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு வளைவு இருக்கு, ஆச்சி."