இல்லாத இரண்டரை

கைப்பேசியில் 1:59 மாறாமல் நின்றது.

அவன் படுக்கையில் கிடந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து 3:00 வர வேண்டும். அவர்கள் குடியேறியிருந்த நாட்டில், கோடைக்கால நேரம் தொடங்கும் இந்த ஓர் இரவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். இரண்டு மணி ஆக வேண்டிய நொடியில் மூன்று பிறக்கும். நடுவில் இருக்க வேண்டிய ஒரு மணி நேரம் கணக்கிலேயே கிடையாது. அது அவனுக்குத் தெரியாததல்ல. நேரத்தை மாற்றிக் கணக்கிடும் நிரல் எழுதுவதுதான் அவன் பிழைப்பு.

பக்கத்தில் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு வருடமாக அப்படித்தான்.

போன வருடம் இதே இரவில் அவளுடைய அப்பா இறந்தார். பின்னறையில், ஆக்சிஜன் முகமூடியோடு. ஒரு சிலிண்டர் தீரும் முன் அடுத்ததை மாட்ட வேண்டும். அதற்காக இரண்டரைக்கு அலாரம் வைத்திருந்தாள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக அவன் அலுவலகம் செய்த செயலி அது. "எங்க வீட்டுக்காரர் எழுதினது, ஏமாத்தாது" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுவாள்.

அலாரம் அடிக்கவில்லை. அந்த இரவில் இரண்டரை இல்லை. இல்லாத நேரம் ஒன்று வந்தால் அவன் எழுதிய நிரல் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும்.

நிரலைச் சோதித்த பெண் முன்பே கேட்டிருந்தாள்.

"அண்ணா, அந்த ராத்திரி ரெண்டரைக்கு யாராவது அலாரம் வெச்சிருந்தா?"

"ரெண்டரையே இல்லாத ராத்திரிம்மா அது. அதுக்குள்ள யாரு சாகப் போறா?"

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அது அடிச்சிருக்கும். நான்தான் கட்டையாட்டம் தூங்கிட்டேன்." அவன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். "விடு, அசதி" என்றான். மறுவாரம் நிரலில் ஒரு வரியைத் திருத்தி, வேறு திருத்தங்களோடு சேர்த்து அனுப்பினான். அவளிடம் வாய் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒரு வருடம் போய்விட்டது.

1:59.

பூட்டிக் கிடந்த பின்னறையிலிருந்து சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது. பகலில் காதில் விழாத அந்தச் சத்தம் இப்போது கூடத்தைத் தாண்டி, கதவிடுக்கு வழியாக, தலையணைக்குள்ளேயே வந்து துடிப்பதுபோல் இருந்தது. அதை மாற்றிவைப்பது மாமனாரின் வேலை. ஸ்டூலில் ஏறி நின்று, "உங்க கம்ப்யூட்டர் தானா மாத்திக்கும் மாப்ள, இந்தக் கிழத்துக்கு இன்னொரு கிழம் வேணும்" என்று சிரிப்பார். அவர் போனபின் யாரும் அதைத் தொடவில்லை.

பிறகு வாடை வந்தது. ரப்பர் குழாயும் தைலமும் வியர்த்த தலையணையும் கலந்த வாடை. அதன் பின்னால், காற்று ஊசித்துளையில் கசிவதுபோல் ஒரு மெல்லிய சீறல். சிலிண்டர்களைக் காரியம் முடிந்த மறுநாளே வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

அலாரம் அடித்தது.

மனைவி வைத்திருந்த அதே மெட்டு. பின்னறையில்.

அவன் எழுந்தான். கூடம் சில்லிட்டிருந்தது. பூட்டியிருந்த கதவு லேசாகத் திறந்திருந்தது. தள்ளினான்.

சுவர்க்கடிகாரத்தில் இரண்டரை.

கையிலிருந்த கைப்பேசியில் 1:59.

அலாரம் நின்றது. சீறலும் நின்றது.

கட்டில் காலியாக இல்லை.

முதலில் முகமூடி தெரிந்தது. அதன் உள்ளே ஆவி படிந்தது. கலைந்தது. படிந்தது. மேலே இரண்டு கண்கள். இமைக்கவில்லை.

"மாப்ள."

ஒரு மூச்சு. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

"எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் ஓரடி பின்வாங்கினான்.

முதுகுக்குப் பின்னால் வெறுங்கால் தரையில் பதியும் ஓசை. திரும்பினான். மனைவி வாசலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகமூடியில் ஆவி படிவது நின்றது. அவரும் காத்திருந்தார்.

"என்னங்க," என்றாள் அவள், "எங்கிட்ட என்ன சொல்லணும்?"