கயிறு மாறிய கிளிப்

கையும் களவுமாகத்தான் பிடிபட்டான் அவன்.

மழைக்குப் பயந்து டீச்சர் அன்று ஒரு பஸ் முன்னாலேயே கிளம்பியிருந்தாள். நனைந்த குடையை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டு ஒன்றாம் வகுப்புக் கதவைத் தள்ளினால்... உள்ளே முதுகைக் காட்டியபடி நெடுநெடுவென்று ஒருவன். சுவரில் இருந்த பலகையிலிருந்து ஒரு துணிக் கிளிப்பைக் கழற்றி, வேறொரு கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அது யாரோட கிளிப்?"

திரும்பினான். நெற்றியில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திருடன் முழி என்பார்களே, அதேதான். ஆனால் அந்த முழியிலும் கண்கள் அழகாக இருந்தன... அதைக் கவனித்த தன்மேலேயே டீச்சருக்குக் கோபம் வந்தது.

"கடுகோடது," என்றான். "நான் அவளோட மாமா."

கடுகு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆறு வயது, உருவத்தில் பொடிசு, பேச்சில் காரம். அப்பா கப்பல் வேலையில் இருந்தார். நர்ஸான அம்மா நான்கு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு லிஃப்ட் மெக்கானிக்கான இந்தத் தம்பியின் தலையில்.

பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் நான்கு கயிறுகள்: சந்தோஷம், சோகம், கோபம், பயம். ஒவ்வொரு குழந்தைக்கும் தன் முகம் வரைந்த ஒரு கிளிப் உண்டு. காலையில் வந்ததும் மனசு எப்படி இருக்கிறதோ அந்தக் கயிற்றில் மாட்ட வேண்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள். சோகத்தில் தொங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதி வந்து உட்காருவாள். பயத்தில் தொங்கும் பிள்ளையின் கையை டீச்சர் முதலில் பிடிப்பாள். அடுத்தவர் கிளிப்பைத் தொடக் கூடாது. தப்பு செய்தால் 'சாரி' என்ற ஒற்றைச் சொல் செல்லாது. மூன்று வாக்கியம் வேண்டும். நான் என்ன செய்தேன், உனக்கு எப்படி இருந்திருக்கும், இனி என்ன செய்வேன். தினமும் அந்தப் பலகையை ஒரு போட்டோ எடுத்துப் பெற்றோரின் போனுக்கு டீச்சர் அனுப்பிவிடுவாள்.

வினையே அந்தப் போட்டோவில்தான் இருந்தது.

"அக்கா அங்க தினமும் அதத்தான் பாக்குறா. புள்ள சோகத்துல தொங்குறதப் பாத்தா, பயிற்சிய விட்டுட்டுப் பெட்டியக் கட்டிடுவா. அதான்... காலையில அவ மாட்டிட்டு அந்தப் பக்கம் போனதும், எட்டு நாளா மாத்தி வைக்கிறேன்."

எட்டு நாள். டீச்சருக்குச் சுருக்கென்றது. கடுகு நன்றாக ஒட்டிக்கொண்டாள் என்று நேற்றுத்தான் தலைமையாசிரியையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். பெருமையில் அடிபட்டால் யாருக்குத்தான் குரல் உயராது?

"ஒரு குழந்தை எட்டு நாளா சோகமா இருக்கேன்னு சொல்லியிருக்கு. நீங்க அது வாயப் பொத்தியிருக்கீங்க."

"நாலு கயித்தக் கட்டி மனச அளந்துட முடியுமா மிஸ்? லிஃப்ட்ல மாடி காட்டுற நம்பரே சில நேரம் தப்பா இருக்கு."

"நம்பர் தப்பா காட்டினா நீங்க உள்ள ஒயரத்தானே பாப்பீங்க? நம்பர் மேல வேற நம்பர எழுதி ஒட்ட மாட்டீங்களே."

அவன் முகம் சிவக்க, மழையிலேயே இறங்கி நடந்தான். மறுநாள் பிள்ளையை வாசல் கேட்டோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

போகட்டுமே, அவளுக்கு என்ன... என்றுதான் டீச்சரும் நினைத்துக்கொண்டாள். ஆனால் கேட் பக்கம் கண் போவதை என்ன செய்வது?

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று கடுகிடம் பாக்கி இருந்தது. கிளிப் இடம் மாறியதை ஏன் சொல்லவில்லை என்று அன்று அவளைத் தனியாகக் கேட்டபோது, கடுகு செருப்பு முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கதான் மாத்துறீங்கன்னு நினைச்சேன் மிஸ். சோகமா இருந்தா உங்களுக்குப் பிடிக்காதோன்னு..."

அன்றே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்கையில், டீச்சர் கடுகின் உயரத்துக்கு மண்டி போட்டாள். எட்டு நாள் உன் முகத்தைப் பார்க்காமல் பலகையை மட்டும் பார்த்தேன், யாருமே கேட்கவில்லை என்று உனக்கு வலித்திருக்கும், இனி முகத்தைப் பார்த்த பிறகுதான் பலகையைப் பார்ப்பேன் என்று மூன்று வாக்கியமும் சொன்னாள். பள்ளி திறந்த நாளிலிருந்து சந்தோஷத்திலேயே தொங்கிய தன் கிளிப்பையும் கழற்றிச் சோகத்தில், கடுகின் கிளிப்புக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகுதான் போட்டோ எடுத்தாள்.

சாயங்காலம் கடுகு இதையெல்லாம் நடித்தே காட்டினாள். மாமன்காரன் தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. அவனிடம் இதுவரை எந்தப் பெரியவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. சின்ன வயதில் அவனைத் திட்டியவர்கள் உண்டு, பிறகு மிட்டாய் வாங்கித் தந்தவர்கள் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையிடம் மண்டி போட்ட ஒருத்தியையா அவன் எதிர்த்துப் பேசிவிட்டு வந்தான்?

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டாள் என்றே பயந்து எடுத்தான்.

"எட்டு நாளா சந்தோஷத்துலயே இருந்தாளேடா... நான் இல்லாம புள்ள அவ்வளவு நல்லா இருக்காளான்னு இங்க நான் அழுதுக்கிட்டு இருந்தேன். இன்னைக்குப் போட்டோவுல அவளச் சோகத்துல பாத்த பிறகுதான் எனக்கு உயிர் வந்துச்சு. பயிற்சிய முடிச்சுட்டுத்தான் வருவேன். போன அவகிட்ட குடு."

அம்மாவும் பெண்ணும் அரைமணி நேரம் மாறி மாறி அழுதார்கள். பிறகு சிரித்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் கேட்டைத் தாண்டி வகுப்புக்கே வந்தான். கிரீஸ் படிந்த தாளில் எழுதி வந்த மூன்று வாக்கியங்களை, கடுகுக்கு முன்னால் வியர்க்க வியர்க்கப் படித்தான். மூன்றாவது சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு வாண்டு தீர்ப்புச் சொல்லவே, மறுபடியும் படித்தான். டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எத்தனை மாடி ஏறி இறங்கும் மனிதன், இந்தப் பொடிசுகளுக்கு முன் எப்படித் தழைந்து நிற்கிறான்...

கடுகு அவனுக்கும் ஒரு கிளிப் செய்து தந்தாள், மூன்றே மூன்று தாடி மயிரோடு. அதன்பின் தினமும் காலையில் மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனான். ஒருநாள் கோபத்தில் தொங்கியது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர், கதவைத் திறந்துவிட்ட அவனையே திட்டினாராம். டீச்சர் வகுப்புக்குள் வந்ததும் முதலில் தேடியது எந்தக் கிளிப்பை என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

நான்காவது வார வெள்ளிக்கிழமை, அந்தத் தாடிக் கிளிப் பயத்தில் தொங்கியது.

"மாமா, என்ன ஆச்சு?" என்று வகுப்பே கேட்டது.

"அப்புறம் சொல்றேன்."

அப்படிச் சொல்லவும் அந்த வகுப்பில் உரிமை உண்டு. சாயங்காலம் கடுகு பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் சாரல் அடித்தது. டீச்சர் குடையை விரிக்காமல் நின்றாள்.

"இப்ப சொல்லலாமா?"

அவன் மழையைப் பார்த்தபடியே பேசினான். "நாளைக்கு அக்கா வந்துடுவா. திங்கக்கிழமையிலேருந்து அவதான் கொண்டு விடுவா. அப்புறம் இங்க வர எனக்கு என்ன காரணம் இருக்கு? உங்களப் பாக்காம நாள் எப்படி ஆரம்பிக்கும்னு... அதான் பயம்."

அத்தனை பிள்ளைகளுக்கும் மனசைச் சொல்லக் கற்றுத் தந்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குள் கடுகு வந்து அவன் கையை இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அக்காதான் பிள்ளையைக் கொண்டுவந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான், கிளிப்பை எடுத்துக்கொண்டு போகிறேன் என்ற சாக்கோடு. பயக் கயிற்றில் அதைக் காணோம். தேடினான். சந்தோஷத்தில், டீச்சர் கிளிப்பை ஒட்டி உரசியபடி தொங்கிக்கொண்டிருந்தது மூன்று மயிர்த் தாடி.

"அடுத்தவங்க கிளிப்பத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

"சொன்னேன்." டீச்சரின் கண்கள் தரையைவிட்டு மெல்ல எழுந்தன. "உங்களக் கேக்காம உங்க கிளிப்ப நகர்த்திட்டேன். வெள்ளிக்கிழமை நான் பதில் சொல்லாம நின்னது உங்களுக்கு ரெண்டு நாளா ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்..."

நிறுத்தினாள்.

"மிஸ், மூணாவது," என்றாள் கடுகு.

"இனிமே... நீங்க காரணம் தேட வேண்டாம். நானும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருப்பேன்."