மூன்றாம் குடோனில் ஒரு ஹார்ன்

தியாகராசனின் செல்போன் அலறியது.

தேசிய இளையோர் இசைக்குழுவின் மதிய ஒத்திகை. முகாமை நடத்துகிற அவரே போனை எடுத்தால் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? ஆனால் திரையில் தெரிந்த பெயர்... பிரகதீஸ்வரி! குழுவில் ஹார்ன் வாசிப்பவள். சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனவள்.

"எங்கம்மா போய்த் தொலைஞ்ச? நாளைக்குத் தஞ்சாவூர்ல கச்சேரி!"

"சார்... குடோன்ல மாட்டிக்கிட்டேன்... வெளியில பூட்டிட்டாங்க... மூட்டைக்கு வண்டு மருந்து வெச்சிருக்காங்க சார்! மூச்சு முட்டுது..."

"எந்த குடோன்?"

சிக்னல் அறுந்தது.

தியாகராசனுக்கு வேர்த்தது. மன்னார்குடிக்கு வெளியே, ரைஸ் மில்லை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் முகாம். மில்லுக்கு மட்டும் எட்டு நெல் குடோன்கள்!

உள்ளே...

இருட்டு. பூண்டு அழுகியது போல ஒரு நாற்றம். பிரகதீஸ்வரி இரும்புக் கதவை அறைந்தாள். உள்ளங்கைதான் வீங்கியது. போனில் ஒரு கோடுகூட இல்லை.

'செத்துடுவேன்... இங்கேயே செத்துடுவேன்!'

உயரத்தில் ஒரு ஜன்னல். கம்பி போட்ட சின்ன ஜன்னல். மூட்டைகள்மேல் ஏறினாள். சறுக்கினாள். மறுபடி ஏறினாள். கையோடு இருந்த, பித்தளைக் குழல் சுருண்ட பிரெஞ்ச் ஹார்னைக் கம்பியோடு அழுத்தி வைத்தாள்.

ஊத மூச்சு வேண்டும். மூச்சை இழுத்தால் விஷம்!

இழுத்தாள்.

ஊதினாள்.

மண்டபத்தில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"ஹார்ன் சத்தம் சார்!"

"எங்கேருந்து வருது?"

எட்டு குடோன் சுவர்களிலும் பட்டுத் திரும்பி, எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. தேய்ந்தது.

"மூணாம் குடோன்!"

கத்திக்கொண்டே ஓடியவள் சுமையா. குழுவில் ஹார்ன் வாசிக்கும் இன்னொரு பெண். பின்னாலேயே வாட்ச்மேன் தங்கையன் சாவிக்கொத்தோடு ஓடினான்.

கதவு திறந்தது. பிரகதீஸ்வரி வாசலில் வந்து விழுந்தாள். இருமினாள். கண்ணைத் திறந்ததும் நேரே சுமையாவைக் காட்டினாள்.

"இவதான் சார் பூட்டுனா! நாளைக்கு யாரு தனியா சோலோ வாசிக்கறதுன்னு இன்னிக்கு முடிவாகுதுல்ல... நான் வரக் கூடாதுன்னு!"

சுமையா வெளிறிப்போனாள்.

ஆம்புலன்சுக்கு முன்னால் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்சம் இறங்கினாள். விஷயத்தைக் கேட்டாள். சுமையாவிடம் திரும்பினாள்.

"எட்டு குடோன் இருக்கு. மூணுன்னு உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அது... வந்து மேடம்..."

"பயப்படாம சொல்லு."

"பிரகதிதான் மதியம் போன் பண்ணுச்சு மேடம். 'உன் ஹார்னை யாரோ மூணாம் குடோன்ல வெச்சிருக்காங்க, நீயே போய் எடுத்துக்க'ன்னுச்சு. தொழுதுட்டுப் போலாம்னு இருந்தேன். தொழுதுட்டு வந்தா, ஹார்ன் இல்லாட்டியும் பரவால்லன்னு சார் ஒத்திகைக்கு உக்கார வெச்சுட்டாரு..."

"பொய்!" பிரகதீஸ்வரி அலறினாள்.

"அவ கையில இருக்கறது என் ஹார்ன்தான் மேடம். அவளோடது மண்டபத்துல அவ நாற்காலி மேலயே இருக்கு."

தங்கையன் தலையைச் சொறிந்தான்.

"அம்மா... கதவைப் பூட்டுனது நான்தாங்க. ஆளுங்க மருந்து வெச்சுட்டு வந்தாங்க. 'யாரு உள்ள?'ன்னு ரெண்டு தடவ குரல் குடுத்தேன். பதிலே இல்லீங்க."

அம்சம் பிரகதீஸ்வரியிடம் குனிந்தாள்.

"சுமையா உள்ள வந்ததும் நழுவி வெளிய வந்து தாழ்ப்பாள் போடலாம்னு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த. ஆளுங்க வந்தாங்க. மாட்டிக்குவோம்னு வாயத் தொறக்கல. சரியா?"

பிரகதீஸ்வரி உடைந்து அழுதாள்.

"மருந்து வெப்பாங்கன்னு சத்தியமா தெரியாது மேடம்! ஒத்திகை முடியிற வரைக்கும் அவ உள்ள இருக்கட்டும்னுதான்... சோலோ எனக்குக் கெடைக்கணும்னுதான்..."

சுமையா மூன்றாம் குடோன் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தொழாமல் கிளம்பியிருந்தால்...?

"எந்திரிம்மா," என்றாள் அம்சம். "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ஸ்டேஷன். சோலோதானே கேட்ட... ரெண்டு எடத்துலயும் உனக்குத் தனி ரூம்!"