ஆறடித் தொட்டி

“ஒண்ணுமே இல்லாத தொட்டில எப்படிக்கா இந்தப் பச்சை வரும்?”

“நீ சொட்டு மருந்தை எண்ணாம ஊத்தியிருப்ப.”

“எட்டு சொட்டு. எண்ணித்தான் விட்டேன்.”

“கணக்குல நீ வாங்கின மார்க் எனக்குத் தெரியாதாக்கும்!”

தம்பி சிரித்தான். திரைச்சீலையின் இடுக்கில் விழுந்த ஒரு விரல் அகல வெயிலில் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்திருந்தான். மீன்கள் வாழ்ந்து கழிவு விடும் தண்ணீர் என்றால் குழாய் பச்சையாகும். வெறும் தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். புதிய தொட்டியில் மணலும் தண்ணீரும் தவிர எதுவுமில்லை. குழாயோ அடர்ந்த இலைப் பச்சையில் இருந்தது. ஆனாலும் அக்காவின் மனம் அதில் நிற்கவில்லை. அவன் இப்படிப் பேசிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தது.

வெளியே நடுப்பகல். கூடத்தில் மட்டும் ஐந்து நாளாக இருட்டு. நோய்க்கான நீல மருந்து வெளிச்சம் பட்டால் வீரியம் இழந்துவிடும் என்பதால் ஜன்னல்களையெல்லாம் அடைத்து, சுவரோரம் வைத்த பிளாஸ்டிக் டப்பின் மேல் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். அதனுள், காய்ச்சல்காரனின் உடம்பைப்போல் வெதுவெதுத்த உப்புத் தண்ணீரில், உடம்பெங்கும் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகளோடு எட்டு ஏஞ்சல் மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்றன. பக்கத்திலேயே, அவை குணமானதும் குடிபோக வேண்டிய ஆறடித் தொட்டி. பாசி பிடிக்காமலிருக்க அதையும் தம்பி கறுப்புத் துணியால் போர்த்தியிருந்தான். மருந்தும் ஈர மணலும் கலந்த வாசனை சோபா வரைக்கும் ஏறியிருந்தது.

மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் அவன். உயிருள்ள எதையாவது வளர்க்கக் கொடுங்கள் என்றார் டாக்டர். அது செத்துப்போனால்? அவள் கேட்டாள். டாக்டர் அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார்.

அதனால்தான் மீன் வாங்கிய இரண்டாவது வாரத்தில் ஒன்று செத்து மிதந்தபோது, அவன் எழுவதற்குள் அதைச் செய்தித்தாளில் சுருட்டி எறிந்துவிட்டு மீன் கடைக்கு ஓடினாள். சோடாபுட்டி என்று தெருவே அழைக்கும் கடைக்காரர் அதே நிறம், அதே அளவில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார்.

“ரெண்டு நாள் சாப்பிடாம மூலையில நிப்பான் மேடம். மூணாம் நாள் இது நம்ம வீடுதான்னு நம்பிடுவான். பெத்த தாயே வந்தாலும் வித்தியாசம் தெரியாது, போங்க.”

இப்படி நான்கு முறை. நான்காவதைத் தனியே வைத்துப் பார்க்காமல் அவசரத்தில் அப்படியே உள்ளே விட்டாள். மூன்றே நாளில் எல்லா உடம்பிலும் வெள்ளைப் புள்ளி. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று தம்பி நம்பினான். அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். இந்த எட்டும் போய்விட்டால் அவனும் போய்விடுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவிவிட்டு வந்தவள் காலடியில் ஈரம் பட்டுக் குனிந்தாள். தொட்டியின் துணி ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. லேசாக விலக்கினாள். தண்ணீர் மட்டத்துக்குத் தம்பி ஒட்டிய நீல டேப், இப்போது மூன்று விரல் ஆழத்தில் மூழ்கிக் கிடந்தது.

“தண்ணி ஊத்துனியாடா?”

“இல்லையேக்கா.”

மூன்று விரல் என்றால் நான்கு வாளியாவது வேண்டும். ஒவ்வொரு வாளியையும் தூக்கியவள் அவள். அவள் தோள்பட்டைக்குத் தெரியும் அந்தக் கணக்கு. குளியலறையில் வாளி காய்ந்து கிடந்தது.

ஃபில்டரின் சத்தமும் மாறியிருந்தது. ஒரே சீராக ஓடிய முனகல் இப்போது ஏதோ ஒன்று வாயில் வந்து ஒட்டுவதும் விலகுவதுமாக, அடைத்து அடைத்து இழுத்தது. துணியாக இருக்கலாம். துணி எப்படி உள்ளே போகும்?

“சோறு இன்னும் இருக்காக்கா? பசிக்குது.”

இன்றைக்குத்தான் சாப்பிடுகிறான். முந்தாநாளும் நேற்றும் தட்டைத் தொடவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, மூலையில், முகத்தைக்கூடத் திருப்பாமல் நின்றிருந்தான். பழைய வியாதிதான் திரும்பிவிட்டதோ என்று இரண்டு ராத்திரி அழுதிருந்தாள்.

இரண்டு நாள்.

இன்றைக்கு மூன்றாம் நாள்.

சீ, என்ன நினைப்பு இது. அவன் அருகில் போய் உட்கார்ந்தாள். நெற்றியில் முடி ஈரமாக ஒட்டியிருந்தது. சின்ன வயதில் அவள் வேகமாக ஆட்டிய ஊஞ்சலிலிருந்து விழுந்து, அவன் இடது புருவம் இரண்டாகப் பிளந்து தையல் போட்ட தழும்பு உண்டு. முடியை ஒதுக்கும்போதெல்லாம் விரல் அங்கே தானாகப் போய் நிற்கும்.

போனது. நிற்கவில்லை.

இருட்டு. தடவியது தவறாக இருக்கும். மறுபடி தடவினாள். வழுவழுவென்று முழுப் புருவம். வலதையும் தடவினாள்.

“என்னக்கா தேடற?” அன்பாகத்தான் கேட்டான்.

அவள் எழுந்தாள். போனில் டார்ச்சை எரியவிட்டாள். ஆறடித் தொட்டியின் கறுப்புத் துணி நுனியைப் பிடித்தாள். ஈரம். கனம். இழுத்தாள்.

கலங்கிய தண்ணீர்.

மணல்மேல் ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கி. ஆஸ்பத்திரியிலிருந்து போட்டு வந்த கோடுபோட்ட சட்டை உப்பியிருந்தது. சட்டை நுனியை ஃபில்டர் இழுத்தது. விட்டது. இழுத்தது. முடி மெல்ல ஆடி விலகியது.

இடது புருவம். இரண்டாக.

கத்த வாய் திறந்தாள். பின்னால் சோபா ஸ்பிரிங் கிறீச்சிட்டது. திரும்பினாள். அவன் எழுந்து வரவில்லை. கண்ணாமூச்சி விளையாடும் பிள்ளையைப்போல் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை இறுகப் பொத்தி உட்கார்ந்திருந்தான்.

“நான் பார்க்கலக்கா. சத்தியமா பார்க்கல. நான் கண்ணைத் திறக்கறதுக்குள்ள அவனை எடுத்துடுக்கா.”